நடிகை மனோரமாவைப் பற்றி ஒரு மாணவி பேச வேண்டும்: எதைச் சொல்லித் தருவது?

கோட்டையூர்த் தமிழாசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். எங்கள் இலக்கிய மன்றத்தில் இந்த ஆண்டு நம் வட்டாரத்தோடு தொடர்புடைய கலைஞர்களைப் பற்றி மாணவர்கள் பேச இருக்கிறார்கள். பள்ளத்தூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் ஊரில் வளர்ந்தவர் என்பதாலேயே, மனோரமாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவள் எழுதி வந்ததைப் படித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் பதிவு, 2002இல் பத்மஸ்ரீ, கலைமாமணி, பிற்காலத்தில் முதலமைச்சர்களான ஐவரோடு நடித்த பெருமை என்று எல்லாம் முறையாக இருக்கின்றன. தவறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்து முடித்த பிறகும் அந்த அம்மையார் எப்படி நடித்தார், அப்படி நடிக்க எங்கே கற்றார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கவில்லை.

திரைக்கு வருவதற்கு முன் அவர் பல ஆண்டுகள் நாடக மேடையில் இருந்தவர் என்பதை அறிவேன். அந்த மேடை அவருக்கு எதைக் கொடுத்தது, பிற்காலப் படங்களில் அது எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் புரியும்படி சொல்ல விரும்புகிறேன். நாடகத்தை அருகிலிருந்து அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அன்பு கூர்ந்து வழிகாட்டுங்கள்.

காரைக்குடி ஆர்மோனியக் கலைஞர்

வணக்கம் அம்மா. திருவிழாக் காலங்களில் இந்தச் சுற்றுவட்டாரத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில், பிறந்த ஊரை மாணவி சரியாகச் சொல்லட்டும். அவர் 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட நிலையில் தாயார் இராமாமிர்தம் அம்மாள் குழந்தையோடு பிழைப்புத் தேடிப் பள்ளத்தூருக்கு வந்தார். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் கைவேலை செய்து வாழ்ந்தவர்களின் கூட்டத்தில் அந்தத் தாயும் மகளும் இருந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வறுமையால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனதை மனோரமா பிற்காலப் பேட்டிகளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

அவரை மேடைக்கு அழைத்து வந்தது முகம் அன்று, குரல். பள்ளத்தூரில் நடந்த ஒரு நாடகத்தில், நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பாட வராததால், ஊரில் நன்றாகப் பாடுகிற சிறுமி என்று இவரைப் பாடவைத்தார்கள். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. மனோரமா என்ற பெயரைச் சூட்டியவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் ஆவர். என் தொழிலைச் சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பெயரில் பங்கு உண்டு என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பிறகு வைரம் நாடக சபாவிலும், அதன் பின் எஸ்.எஸ். இராஜேந்திரனின் நாடக மன்றத்திலும் நடித்தார். இந்த இடத்தில் மாணவி கொஞ்சம் நிற்க வேண்டும். அந்நாளில் நம் பக்கத்தில் இருவகை நாடகங்கள் இருந்தன. ஒன்று ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி போன்றவற்றை, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்று இரவுதான் மேடையில் சந்திக்கும் ராஜபார்ட்டும் (நாயகன் வேடக்காரர்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி வேடக்காரர்), ஒத்திகை இன்றி, விடிய விடிய நடத்துவார்கள். எதிரில் நிற்பவர் எந்தச் சந்தம் எடுப்பார், எந்தக் கேள்வி கேட்பார் என்பது தெரியாத நிலையில் பதில் சொல்ல வேண்டும். மற்றொன்று சபா நாடகம். ஒத்திகை கடுமையாக இருக்கும். ஒருவருக்கு உடல்நலம் இல்லாவிட்டால் அந்த வேடத்தை மற்றொருவர் உடனே ஏற்க வேண்டும் என்பதால், சிறியவர்களும் எல்லாருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

மனோரமா பயின்றது இரண்டாம் வகையில். ஆனால் முதல் வகையின் ஓசையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர். இவற்றோடு, திராவிட இயக்க நாடகங்களின் நீண்ட உரைநடை வசனமும் அவருக்குக் கிடைத்தது. கலைஞர் கருணாநிதியின் ‘மணிமகுடம்’ நாடகத்தில் எஸ்.எஸ்.ஆருடன் நடித்தவர் அவர். அடுக்குமொழி வசனத்தை மூச்சு எங்கே வாங்குவது என்று அறிந்து, கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி சொல்லிப் பழகிய ஒருவருக்கு, படப்பிடிப்புத் தளத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுவது பெரிய காரியமாக இருந்திருக்காது. அவருடைய எந்தப் படத்தை எடுத்துக்கொண்டாலும், எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல்லும் கரைந்து போவதில்லை என்பதை மாணவியைக் காதால் கேட்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகி

ஆர்மோனியக்கார ஐயா சொன்னதைத் தொடர்ந்து திரைப் பகுதியைச் சொல்கிறேன், டீச்சர்.

மேடையிலிருந்து திரைக்குப் போனதும் வாழ்வு மலர்ந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. முதலில் ஒப்பந்தமான ‘இன்பவாழ்வு’, ‘உண்மையின் கோட்டை’ ஆகிய இரண்டு படங்களும் பாதியில் நின்றுபோயின. அதற்குப் பிறகுதான் நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் 1958இல் தாம் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தார். நாடகத்தில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. ஒரு முறை நகைச்சுவை வேடம் கட்டினால் பிறகு கதாநாயகி வேடத்துக்கு யாரும் அழைக்க மாட்டார்கள் என்று அவர் அஞ்சினார். கதாநாயகிக்குச் சில ஆண்டுகளே வாழ்வு, நகைச்சுவையில் நிலைத்துவிட்டால் நெடுங்காலம் இருக்கலாம் என்ற பொருளில் கவிஞர் எடுத்துச் சொன்னார் என்பதைப் பிற்காலத்தில் மனோரமா நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார் என்றாலும், அவர் பாதை கவிஞர் காட்டியதாகவே அமைந்தது.

மாணவி ஒரே ஒரு கருத்தைத்தான் சொல்ல முடியும் என்றால், நான் இதைச் சொல்லச் சொல்வேன். அவருக்கு முன் தமிழ்ப் படங்களில் நகைச்சுவை நடிகை என்பவர் பெரும்பாலும் ஒரு ஜோடியில் பாதியாக இருந்தார். டி.ஏ. மதுரம் அம்மையாரை என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்த்தும், எம். சரோஜாவைத் தங்கவேலுவோடு சேர்த்தும்தான் நாம் நினைக்கிறோம். அவர்கள் வாழ்க்கையிலும் இணையர்கள். மதுரம் அம்மையார் பெரிய கலைஞர், அதில் ஐயமில்லை. ஆனால் மனோரமா எந்த நகைச்சுவை நடிகரின் பெயரோடும் ஒட்டிக்கொள்ளாமல், நாகேஷோடும் சோவோடும் தேங்காய் சீனிவாசனோடும் சுருளிராஜனோடும் மாறி மாறி நின்று, ஒவ்வொருவரின் வேகத்துக்கும் தம் வேகத்தைப் பொருத்திக்கொண்டார். எதிரில் யார் வந்தாலும் தடுமாறாத இந்தத் தன்மை மேடையில்தான் வரும். அந்த நடிகர்களின் காலம் கடந்த பிறகும் அவர் நிலைத்து நின்றதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1968இல் வந்த, ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ரமாமணி நாடகக் கொட்டகையில் ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண். மனோரமா வேறு யாரையோ பார்த்து நடிக்க வேண்டிய தேவையே இல்லாத வேடம் அது. சிவாஜியும் பத்மினியும் பாலையாவும் நிறைந்திருக்கும் படத்தில், சிவாஜி ஏற்ற சிக்கல் சண்முகசுந்தரம் என்ற வித்துவானின் நாதசுவரத்தைக் கேட்க ஏங்கும் அந்தக் காட்சியில் அவர் காட்டும் மரியாதை கலந்த துடிப்பைக் கவனியுங்கள். கொட்டகைப் பெண் என்று அவளை இளக்காரமாகப் பார்க்க வைப்பது எளிதாக இருந்திருக்கும்; மனோரமா அதற்கு இடம் கொடுக்கவில்லை. கலையை மதிக்கத் தெரிந்த ஒரு கலைஞராகவே அவளை நிறுத்தினார்.

அடுத்ததாக, 1986இல் விசு இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’. அதில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்வுக்காகச் சம்பந்தியிடம் போய்த் தர்க்கம் செய்யும் காட்சியை இன்றும் மக்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேலைக்காரி குடும்ப விஷயத்தில் குரல் எழுப்புகிறாள். அவள் பேச்சுக்கு அங்கே எடை இருக்கிறது. சிறுவயதில் பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்தவர் அந்த வேடத்தில் நின்றார் என்பதை அறிந்து பார்த்தால் அந்தக் காட்சி வேறாகத் தெரியும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஏவி. மெய்யப்பச் செட்டியாரும் காரைக்குடிக்காரர்தான். தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகை இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்துப் படப்பிடிப்புத் தளம் அமைத்து, 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை அங்கேயே எடுத்தவர். உங்கள் மாணவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது.

புதுவயல் நூலக வாசகர்

மேலே இருவரும் சொன்னவற்றை மதிக்கிறேன்; ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அவரை நாம் அன்போடு ஆச்சி என்று அழைப்பதால், அவருடைய திறமை முழுவதும் செட்டிநாட்டு மண்ணிலிருந்து வந்தது போல எழுதிவிடக் கூடாது. இங்கே அவர் கழித்தது இளமையின் சில ஆண்டுகள். மீதி வாழ்வு முழுவதும் சென்னை. 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில், வி. குமார் இசையில் அவரே பாடிய ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டைக் கேட்டால், சென்னைத் தெருக்களின் பேச்சை அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பது புரியும். ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் பல்லை முன்னால் தூக்கிவைத்துக்கொண்டு கொங்குப் பேச்சு பேசும் தாயாக வருகிறார். இந்தியில் மெஹ்மூதின் ‘குன்வாரா பாப்’ படத்தில் நடித்தார். தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களும் உண்டு.

ஒவ்வோர் ஊர்ப் பேச்சிலும் சொற்களை மட்டும் பிடிக்காமல் இழுவையையும் நிறுத்தத்தையும் சேர்த்துப் பிடித்தார் என்பதே அவருடைய தனித்தன்மை. அதற்குப் பாட்டுக் காது வேண்டும். ஆகவே ஐயா சொன்ன குரலும், நான் சொல்லும் பேச்சு வழக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பாடகியாகவும் அவரைத் தனியே குறிப்பிட வேண்டும். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘மே மாதம்’ படத்தின் ‘மெட்ராஸைச் சுத்திப் பார்க்கப் போறேன்’ பாட்டிலும் அவர் குரல் இருக்கிறது.

கோட்டையூர்த் தமிழாசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புதுவயல் ஐயா எச்சரித்தது மிகவும் பயனுள்ளது. உரையை மன்னார்குடியிலிருந்தே தொடங்கச் சொல்லப் போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். அவருடைய மணவாழ்வைப் பற்றி மாணவி பேசலாமா? மேலும், மன்றத்தில் காட்ட ஓரிரு காட்சிகளுக்கு மட்டுமே நேரம் உண்டு, எவற்றைக் காட்டலாம்?

தேவகோட்டை வாசகி

மணவாழ்வை இரண்டு வரியில் சொன்னால் போதும், டீச்சர். உடன் நடித்த நாடகக் கலைஞர் எஸ்.எம். இராமநாதனை 1964இல் மணந்தார், 1966இல் பிரிந்தார், மகனைத் தாமே வளர்த்தார். தாயும் கைவிடப்பட்டவர், மகளும் தனித்து நின்றவர். அந்த நிலையில் அவர் ஓய்வின்றி நடித்ததற்குக் கலை ஆர்வத்தோடு குடும்பப் பொறுப்பும் காரணமாக இருந்தது என்பதை உங்கள் மாணவி சொல்லலாம். பரிதாபம் தேடும் குரலில் மட்டும் சொல்ல வேண்டாம்.

காட்சிகளில், ரமாமணியைக் கட்டாயம் காட்டுங்கள். இரண்டாவதாக நான் 1990இல் வந்த ‘நடிகன்’ படத்தைத் தேர்ந்தெடுப்பேன். முதியவர் வேடம் போட்டு வரும் சத்யராஜின் மீது காதல் கொள்ளும், மணமாகாத நடுத்தர வயதுப் பெண்ணாக அதில் வருகிறார். கொட்டகை முழுவதும் சிரித்த வேடம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் நாணத்தையும் எதிர்பார்ப்பையும் அவர் முழு உண்மையோடு நடித்ததால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஏமாறப் போகிறாளே என்ற கவலையும் நமக்கு வந்துவிடுகிறது. தேசிய விருது பெற்றுத் தந்தது பார்த்திபனின் ‘புதிய பாதை’. அதையும் அவள் உரையில் சொல்லட்டும். ஆனால் மன்றத்தில் காட்டுவதற்கு ‘நடிகன்’ பொருத்தமாக இருக்கும்.

காரைக்குடி ஆர்மோனியக் கலைஞர்

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. அவர் 2015 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் காலமானார், வயது 78. நாளை உரையைக் கேட்கும் பிள்ளைகளில் பலர் அவரைத் திரையில்கூட அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே காட்சியைப் போடுவதற்கு முன், மாணவி அந்த வசனத்தில் நான்கைந்து வரிகளை ஒலிபெருக்கி இல்லாமல் மன்றத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தானே சொல்லிப் பார்க்கட்டும். எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல் விழுங்கப்படுகிறது என்பதை அவளும் கேட்பவர்களும் உணர்ந்த பிறகு மனோரமா அதே வரிகளைச் சொல்வதைக் காட்டுங்கள். ஒத்திகைக்கு ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமை மாலைகளில் பெட்டியோடு பள்ளிக்கு வந்து சுருதி பிடித்துச் சொல்லித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.