பி.எஃப் பிடிக்கும் வேலையா, முழுச் சம்பளம் கையில் தரும் குடோன் வேலையா? கூடவே உதவித்தொகை பற்றி ஒரு கேள்வி

கொருக்குப்பேட்டை பையன்:

எல்லோருக்கும் வணக்கம். 2016ல் பிளஸ் டூ, 2019ல் பி.காம் முடித்தேன். ரெண்டையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து வருகிறேன். இதுவரை ஒரு கார்டுகூட வந்ததில்லை. நடுவில் ஒரு கூரியர் கம்பெனி, அப்புறம் ஒரு சூப்பர் மார்க்கெட் என்று வேலை பார்த்தேன், ரெண்டிலும் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) கிடையாது, ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிடையாது, சம்பளம் கையில்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வீட்டில் இருக்கிறார். அம்மா ரெண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறார்கள், மாதம் 9,000 வரும்.

இப்போது ரெண்டு இடத்தில் கூப்பிடுகிறார்கள். மாதவரத்தில் ஒரு குடோன், சம்பளம் 14,000, முழுசும் கையில். மணலி பக்கம் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, அங்கேயும் 14,000தான், ஆனால் பி.எஃப், ஈ.எஸ்.ஐ எல்லாம் பிடித்தது போக 12,000 சொச்சம்தான் கைக்கு வரும் என்கிறார்கள். வாடகை கொடுக்கிற வீடு, மாதம் 1,800 ரூபாய் எதற்கு விடவேண்டும், குடோனுக்கே போ என்று அம்மா சொல்கிறார்கள்.

இன்னொன்று, படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் தருகிறதாமே, அதற்கு நான் எழுதிப்போட முடியுமா? போட்டால் என் பதிவு மூப்பு போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். புதுசாக வேலைக்குச் சேர்ந்தால் மத்திய அரசு 15,000 தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:

தம்பி, உதவித்தொகையை நான் மூன்று வருஷமும் வாங்கி முடித்தவள், அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன். இது 2006லிருந்து இருக்கிற திட்டம். பத்தாவது தவறியவர்களுக்கு மாதம் 200, பத்தாவது தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து பேங்க் கணக்கில் போடுவார்கள். படிப்பைப் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கக் கூடாது. வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45. இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது. பி.காமுக்கு உண்டு.

பதிவு மூப்பு போய்விடும் என்பது வெறும் புரளி. உதவித்தொகை வாங்குவதால் உன் பதிவு ரத்தாகாது, ஒவ்வொரு தரம் அறிவிப்பு வரும்போதும் அவர்களே இதைச் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் கிளப்பிவிட்டதை நம்பி எங்கள் தெருவிலேயே எத்தனை பிள்ளைகள் எழுதிப்போடாமல் விட்டார்கள் தெரியுமா, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

ஆனால் உன் வீட்டில் தடை வேறு இடத்தில் வரும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மாதம் 6,000. அம்மாவின் சம்பளமே வருஷத்துக்கு 1,08,000 ஆகிறதே. இந்தப் பக்கம் ஒரு ரூம், ஒரு கிச்சன் வாடகையே மாதம் 6,000ஐத் தொட்டுவிடுகிறது, அப்புறம் இந்த வரம்புக்குள் எந்தக் குடும்பம் வரும்? வரம்பையும் ஏற்ற வேண்டும், 600ஐயும் ஏற்ற வேண்டும். நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். வருமானத்தைக் குறைத்து எழுதிக்கொடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. வருஷா வருஷம் உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும், பொய் என்றால் பிற்பாடு உனக்குத்தான் சிக்கல்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. பதிந்து ஒரு வருஷம் ஆனால் போதும், வருமான வரம்பு கிடையாது, பத்தாவது வரைக்கும் 600, பிளஸ் டூவுக்கு 750, டிகிரிக்கு 1,000, அதுவும் பத்து வருஷத்துக்கு. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் உடனே எழுதிப்போடுங்கள். ஃபாரம் இலவசம், வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தருவார்கள், வேலைவாய்ப்புத் துறை இணையதளத்திலும் இருக்கிறது. ஃபாரத்துக்குக் காசு கேட்கிற கடையில் வாங்காதீர்கள்.

மாதவரம் லேத்:

தம்பி, நான் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன், 24 பேர் வேலை செய்கிறார்கள். ஆள் எடுக்கிறவன் பக்கத்திலிருந்து இந்தக் கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

15,000 விஷயம் உண்மை. பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்று பெயர். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை வேலைக்குச் சேருகிறவர்களுக்கு. ஆனால் வேலையில் சேர்ந்த எல்லோருக்கும் கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவை பி.எஃப்.பில் பதிவாகிறவனுக்குத்தான். ஒரு மாத பி.எஃப் சம்பளம் (பி.எஃப் பிடிக்கக் கணக்கில் எடுக்கிற சம்பளம்), அதிகபட்சம் 15,000, ரெண்டு தவணையாக. ஆறு மாதம் அதே வேலையில் இருந்தால் முதல் தவணை, பன்னிரண்டு மாதம் ஆகி, சேமிப்பு பற்றி ஒரு சின்ன ஆன்லைன் பாடமும் முடித்தால் ரெண்டாவது. அதில் ஒரு பகுதியைச் சேமிப்பாகத்தான் வைப்பார்கள், முழுசும் உடனே எடுக்க முடியாது. ஆதாரோடு இணைந்த கணக்குக்கு நேராக வரும்.

நீ இதுவரை பி.எஃப் இல்லாத வேலையே பார்த்தவன், அதனால் உனக்கு இது பொருந்தும். குடோனுக்குப் போனால் பொருந்தாது, ஏனென்றால் அங்கே நீ எந்தக் கணக்கிலும் இல்லை.

இப்போது உன் அம்மா கேட்கிற 1,800க்கு வருவோம். 14,000ம் பி.எஃப் சம்பளமாக இருந்தால் உன் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680. ஈ.எஸ்.ஐ 0.75 சதவீதம், 105 ரூபாய். ஆக 1,785 போய் 12,215 கைக்கு வரும். அந்த 1,680 எங்கேயும் போகவில்லை, உன் பெயரில் வட்டியோடு சேருகிறது. அதற்கு மேல் முதலாளி பங்கு இன்னொரு 1,680, அதில் ஒரு பகுதி பென்ஷனுக்கு, மீதி உன் கணக்குக்கு. ஈ.எஸ்.ஐக்கு நீ கொடுப்பது 105, முதலாளி கொடுப்பது 3.25 சதவீதம், 455. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்கிறாயே, அவர் உன்னை நம்பி இருக்கிறவர், அவருக்கென்று தனி வருமானம் எதுவும் இல்லை என்றால் உன் கார்டில் அவர் பெயரையும் சேர்க்கலாம். நமக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ ஆஸ்பத்திரி பக்கம்தான். வெளியே ஒரு ஸ்கேனுக்கு என்ன ஆகும் என்று அம்மாவுக்கே தெரியும்.

இதே திட்டத்தில் முதலாளிக்கும் பணம் உண்டு, பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான். கூடுதலாக எடுக்கிற ஆளின் பி.எஃப் சம்பளம் 10,000க்கு மேல் 20,000 வரை என்றால் மாதம் 2,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 3,000, ரெண்டு வருஷத்துக்கு. உற்பத்தித் தொழில் என்றால் நாலு வருஷம். ஐம்பது பேருக்குக் குறைவாக இருக்கிற இடத்தில் ரெண்டு பேராவது, ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து பேராவது கூடுதலாக எடுத்து, ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார். 14,000 சம்பளக்காரனுக்கு என் பி.எஃப் பங்கு, இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,820 ரூபாய். அரசு எனக்குத் தருவது 2,000. என் பி.எஃப் செலவு அதிலேயே அடங்கிவிடுகிறது. "பி.எஃப் கட்டினால் கட்டுப்படியாகாது தம்பி" என்று இந்தப் பக்கம் எங்களை மாதிரிப் பட்டறைக்காரர்கள் சொல்வது வழக்கம், இந்த ரெண்டு வருஷத்துக்கு அந்தப் பேச்சு செல்லாது. இருபது பேர் இருந்தாலே பி.எஃப் சட்டப்படி கட்டாயம். அந்த குடோனில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாயா? "என்னைக் கணக்கில் ஏற்றுங்கள், உங்களுக்கும் மானியம் வரும்" என்று மரியாதையாகக் கேட்டுப் பார். சில முதலாளிகளுக்கு இது தெரியவே தெரியாது.

கொருக்குப்பேட்டை பையன்:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குடோனில் கேட்டேன், "அதெல்லாம் இங்கே கிடையாது, இஷ்டம் இருந்தால் வா" என்று முடித்துவிட்டார்கள். மணலிக்கே போகலாம் என்று இருக்கிறேன், அப்பா பெயரை ஈ.எஸ்.ஐயில் சேர்க்கலாம் என்றதும் அம்மாவும் சரி என்றுவிட்டார்கள்.

இன்னும் ரெண்டு சந்தேகம். தம்பி இந்த வருஷம் ஐ.டி.ஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான், வயது 19, அவனுக்கு என்ன செய்யலாம்? அம்மாவுக்குத் தையல் நன்றாகத் தெரியும், மிஷின் போட்டுக் கொடுத்தால் வீட்டு வேலையை விட்டுவிடலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. மானியக் கடன் என்கிறார்களே, எங்களை மாதிரி ஆட்களுக்குக் கொடுப்பார்களா?

பெரம்பூர் ஒர்க்‌ஷாப்:

தம்பிக்கு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சிதான். ஐ.டி.ஐ முடித்த கையோடு போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப் ஒவ்வொரு வருஷமும் ஆள் எடுக்கிறது, பொதுப்பிரிவுக்கு 24 வயது வரைதான். பெரம்பூர் ரயில்வே பட்டறைகளிலும் எடுக்கிறார்கள். ஒரு வருஷம் முடித்து தேசியச் சான்றிதழ் கையில் வந்தால், ரயில்வே லெவல் ஒன்று தேர்வில் 20 சதவீத இடம் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கென்றே ஒதுக்கீடு. தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும், நேராக வேலை தரமாட்டார்கள், ஆனால் போட்டி கம்மி. ரயில்வே கிடைக்காவிட்டால் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனிகள் இருக்கின்றன. மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிந்து, கம்பெனியோடு ஒப்பந்தம் பதிவானால், அப்ரண்டிஸ் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 வரை, அரசே பையன் கணக்கில் போடும். ஒப்பந்தம் பதியாமல் "டிரெய்னி" என்று சும்மா வைத்துக்கொள்கிற இடத்துக்கு அனுப்பாதே. வருஷம் முடிந்து கையில் ஒரு காகிதமும் இருக்காது.

எம்.சி. ரோடு தையல்:

அம்மா எத்தனையாவது படித்திருக்கிறார்கள் தம்பி? எட்டாவது தேறியிருந்தால் தமிழக அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் போடலாம், வேலையில்லாத இளைஞர்களுக்கு என்று பெயர் இருந்தாலும் பெண்களுக்கு 55 வயது வரை உண்டு. தொழில் மதிப்பு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். நம் கைப்பணம் பெண்களுக்கு 5 சதவீதம் போதும். எஸ்.சி., எஸ்.டி. குடும்பம் என்றால் முதலில் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தைப் பாருங்கள், அதில் மானியம் 35 சதவீதம், வட்டியிலும் 6 சதவீதம் குறைகிறது, படிப்புத் தகுதியும் கேட்பதில்லை. சென்னைக்கு எல்லாம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிற தொழில் வணிகத் துறை அலுவலகம்தான், விண்ணப்பம் ஆன்லைனில்.

நான் இந்த வழியில் வந்தவள், எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் தைத்துக் கொடுக்கிறேன். அலுவலகத்தில் கையெழுத்தாவது சுலபம், பேங்கில்தான் நிற்கும். எனக்கு ஒரு பேங்கில் வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்றார்கள். வாடகை வீட்டுக்காரி பத்திரத்துக்கு எங்கே போவேன்? சிறு குறு தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எழுதியே கேட்டேன், அதே கேள்வியை நான் விண்ணப்பித்த அலுவலகத்திலும் கொடுத்தேன், அப்புறம்தான் ஃபைல் நகர்ந்தது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். கடன் என்றதும் பெரிய தொகை போடச் சொல்லி மிஷின் விற்கிறவர்கள் வருவார்கள், கொட்டேஷனை அவர்களே எழுதித் தருவார்கள். ரெண்டு பவர் மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் டேபிள், துணி வாங்க கொஞ்சம் கைமுதல், இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. மானியம் போக மீதி எல்லாம் நாம் கட்டுகிற பணம். அதைவிட முக்கியம், மிஷின் வாங்குவதற்கு முன்பே ரெண்டு கடையில் பேசி, பீஸுக்கு என்ன தருவீர்கள், பணம் வாரா வாரமா மாதா மாதமா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு இரவும் பகலும் வேலை இருக்கும், ஆடித் தள்ளுபடி முடிந்ததும் கொஞ்சம் தொய்யும், தவணையோ எல்லா மாதமும் வரும். முதல் ஆறு மாதம் அம்மா ஒரு வீட்டு வேலையை மட்டும் விட்டுவிட்டு இன்னொன்றை வைத்துக்கொண்டால் நல்லது.

கொருக்குப்பேட்டை பையன்:

அக்கா, அம்மா ஒன்பதாவது வரை படித்திருக்கிறார்கள். இதை அப்படியே படித்துக் காட்டினேன், நாளைக்கே எம்.சி. ரோடு போய்க் கேட்கிறேன் என்கிறார்கள். மணலியில் சேரும்போது நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் அண்ணே?

மாதவரம் லேத்:

முதலில் ஆதாரில் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா, பேங்க் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். அரசின் உமங் ஆப்பில் முகத்தைக் காட்டி யு.ஏ.என் என்கிற பி.எஃப் எண்ணை நீயே எடுக்கலாம், அந்த எண்ணைக் கம்பெனியில் கொடு. முதல் சம்பளச் சீட்டில் உன் பங்கு மட்டும் பிடித்திருக்க வேண்டும். முதலாளி பங்கையும் சேர்த்து உன் சம்பளத்திலேயே கழித்தால் அது சட்டப்படி தப்பு, உடனே கேள். அடுத்த மாதம் பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பார், சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிற இடங்களும் உண்டு. ஈ.எஸ்.ஐயில் அப்பா பெயரை, நீ வேலையில் சேரும் அன்றைக்கே கொடுத்துவிடு.

குரூப் 4 எழுதும் எண்ணம் இருந்தால் அதையும் விடாதே. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசு இலவசப் பயிற்சி நடத்துகிறது, உன் வீட்டிலிருந்து பக்கம்தானே. அறிவிப்பு வரும்போது நுழைவுக்குப் பதிந்து வை. வேலைவாய்ப்புப் பதிவையும் வழக்கம்போலப் புதுப்பித்துக்கொண்டே இரு, தனியார் வேலையில் இருப்பதால் அது போகாது.

கொருக்குப்பேட்டை பையன்:

சரி அண்ணே. ஆதாரில் அப்பா பெயர் இனிஷியல் மாறியிருக்கிறது, அதை முதலில் சரி செய்துவிட்டு யு.ஏ.என் எடுக்கிறேன்.