எஸ்எஸ்ஓ-வில் (ஒரே லாகினில் எல்லா இடமும் திறக்கும் முறை) வெளியே மாட்டிக்கொண்ட கதை இருந்தால் சொல்லுங்கள்

இரவு_ஷிஃப்ட்:

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2024 மாட்டுப் பொங்கல், காலை ஏழு மணி. ஊரில் இருக்கிறேன். டீமில் உள்ள தம்பி ஒருவன் போன் செய்தான். “அண்ணா, ஏடபிள்யூஎஸ் உள்ள யாராலயும் போக முடியல. என்னாலயும் முடியல.”

நாற்பது பேர் உள்ள கம்பெனி, ஆறு ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) கணக்குகள். ஆறுக்கும் ஒரே வாசல்தான். மைக்ரோசாஃப்ட் பக்கம் ஒருமுறை லாகின் செய்தால் போதும், ஆறு கணக்கும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். இதை 2021 பொங்கல் லீவில், ஆபீஸில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒருவர் அமைத்துக் கொடுத்தார். அன்று மைக்ரோசாஃப்ட் பக்கம் அஷ்யூர் ஏடி, அமேசான் பக்கம் ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ. பிறகு முதலாவது என்ட்ரா ஐடி ஆனது, இரண்டாவது ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர் ஆனது. இரண்டு பக்கமும் பெயரை மாற்றிக்கொண்டன. நடுவில் இருந்த சான்றிதழ் மட்டும் அதே பழைய சான்றிதழ்.

நாம் லாகின் செய்ததும் என்ட்ரா ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும். அந்தக் கையெழுத்து உண்மைதானா என்று ஏடபிள்யூஎஸ் தன்னிடமுள்ள சான்றிதழை வைத்துச் சரிபார்க்கும். அந்தச் சான்றிதழுக்கு, நாமாக மாற்றாவிட்டால், ஆயுள் 3 வருடம். பொங்கல் லீவில் அமைத்தது பொங்கல் லீவிலேயே காலாவதி ஆகிவிட்டது. 60 நாள், 30 நாள், 7 நாள் முன்பு எச்சரிக்கை மடல் வரும், வந்தும் இருக்கும். அமைத்தவர் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது, அவர் மெயில்பாக்ஸையும் நாங்களே மூடியிருந்தோம்.

புதுச் சான்றிதழ் உருவாக்க இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் அதை ஏற்ற வேண்டிய இடம் ஏடபிள்யூஎஸ்-க்குள் இருக்கிறது! சாவி செய்யும் கடையே பூட்டிய வீட்டுக்குள். மிச்சம் இருந்தது ரூட் கணக்கு ஒன்றுதான், எஸ்எஸ்ஓ இல்லாமல் நேராக உள்ளே போகும் தலைமைக் கணக்கு. பாஸ்வேர்டு சாரிடம் இருந்தது. பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் எம்எஃப்ஏ எண் வருவது அவருடைய பழைய போனில், போன் சென்னையில் அவர் வீட்டு மேசை இழுப்பறையில், சார் குலதெய்வம் கோயிலில்.

வீட்டில் இருந்த அவருடைய அம்மாதான் போனைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, ஆறு இலக்க எண்ணை எனக்கு வாசித்தார். முதல் தடவை மூன்று இலக்கம் சொல்லிவிட்டுக் கண்ணாடி எடுக்கப் போனார். 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் என்று சொன்னதும் பதற்றத்தில் இரண்டாவது முறையும் தவறிப்போனது. மூன்றாவதுதான் சரியாக விழுந்தது. மணி பதினொன்றரை.

இனிஷியல்_மட்டும்:

எங்கள் கதை ஒரே ஒரு ஆளுக்கு நடந்தது. புதிதாகச் சேர்ந்த பெண், காலேஜ் முடித்த கையோடு வந்தவர். மெயில் வேலை செய்கிறது, டீம்ஸ் வேலை செய்கிறது, கிளவுடில் மட்டும் அப்படி ஒரு ஆளே இல்லை. சரியான குரூப்பில்தான் போட்டிருந்தோம். எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். நான்கு நாள் போனது. அந்தப் பெண் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு தினமும் மன்னிப்புக் கேட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் ஆட்களின் பட்டியலை ஒத்திசைக்கும் பதிவை (லாக்) திறந்து பார்த்தால் விஷயம் புரிந்தது. என்ட்ராவிலிருந்து ஐடென்டிட்டி சென்டருக்கு ஆள் தானாகப் போய்ச் சேர முதற்பெயர், கடைசிப் பெயர், பயனர்பெயர், காட்சிப்பெயர் நான்கும் நிரம்பியிருக்க வேண்டும். ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. அவருக்கோ ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தானே? எச்ஆர் கடைசிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், அதில் அவர்கள் தப்பும் இல்லை.

அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டதும் அடுத்த ஒத்திசைவிலேயே உள்ளே வந்துவிட்டார். “எங்க அப்பாவுக்கு விவசாயம் தவிர ஒண்ணும் தெரியாது சார், அவர் பேரு சர்வர்ல இருக்கு” என்று சிரித்தார். இப்போது புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரிடமும் முதல் நாளே கேட்டுவிடுகிறோம். சில இடங்களில் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கோவை_சர்வர்ரூம்:

எங்களுடையது பழைய முறை. ஆபீஸ் சர்வரில் ஏடிஎஃப்எஸ் (லாகின் சீட்டு எழுதித் தரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்), அங்கிருந்து நேராக ஏடபிள்யூஎஸ் கன்சோல் (நிர்வாகத் திரை). ஒரு நாள் சிலருக்கு லாகின் ஆகிறது, சிலருக்கு ஆகவில்லை. அதே ஆள் திரும்ப முயன்றால் சில சமயம் ஆகிறது. நெட் வேகமாக இருப்பவர்கள் போய்விடுகிறார்கள், வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோருக்குமே நின்றுபோனது. நெட்வொர்க் ஆட்களோடு பெரிய சண்டையே நடந்தது.

துப்புக் கொடுத்தது அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒருவர். அவர் அதற்கு முந்தைய வாரம் முழுக்க, “கம்ப்யூட்டர்ல டைம் பார்த்துத்தான் எழுந்து போறேன், கம்பெனி பஸ் முன்னாலேயே போயிடுது” என்று புலம்பிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

கடிகாரம்தான். சீட்டு எழுதிய 5 நிமிடத்துக்குள் ஏடபிள்யூஎஸ்-இடம் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் செல்லாது. ஃபயர்வாலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ 123-ஆம் போர்ட்டை மூடியிருந்தார்கள். நேரம் கேட்கும் வழி அது. ஆபீஸ் கணினிகளை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் வெளியே நேரம் கேட்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது. அந்த நேரத்தைப் போட்டு எழுதிய புதுச் சீட்டும் ஏடபிள்யூஎஸ்-க்குப் பழையதாகத் தெரிந்தது. ஆபீஸ் கணினிகள் எல்லாம் அதைப் பார்த்தே ஓடுபவை என்பதால் உள்ளே ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? பின்தங்கல் 4 நிமிடம் 50 நொடிக்கு அருகில் இருந்தபோது வேகமானவர்கள் நுழைந்தார்கள், 5 நிமிடத்தைத் தாண்டியதும் எல்லோருக்கும் கதவு மூடியது.

போர்ட்டைத் திறந்தோம். பஸ்ஸும் கிடைத்தது.

பழைய_கீ:

நீங்கள் எல்லாரும் உள்ளே போக முடியாமல் தவித்தவர்கள். எங்களுக்கு நேர்மாறு. ஒருவர் வேலையை விட்டார், எஸ்எஸ்ஓ-வில் அவர் பெயரை முடக்கினோம், முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் 2019-இல் உருவாக்கிய ஆக்சஸ் கீ (நிரல்கள் லாகின் பக்கம் வராமலே உள்ளே போகும் சாவி) ஒன்று ஏதோ ஸ்கிரிப்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கீக்கு எஸ்எஸ்ஓ என்று ஒன்று வந்ததே தெரியாது. அவர் நல்ல மனிதர், போன் செய்ததும் பதறிப்போனார்.

இன்னொன்று. ஆளை முடக்கினாலும், ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கன்சோல் அந்த நொடியே மூடாது. யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் பெர்மிஷன் செட்டில், கன்சோல் திறந்திருக்கும் நேரத்தை 12 மணி நேரம் வரை கொடுக்கலாம். நாங்கள் முழுசாகக் கொடுத்து வைத்திருந்தோம், இப்போது ஒரு மணி நேரம்.

இனிஷியல்_மட்டும்:

@இரவு_ஷிஃப்ட் அப்புறம் அந்தப் போன் என்ன ஆனது? இன்னும் இழுப்பறையில்தானா?

இரவு_ஷிஃப்ட்:

இல்லை. எச்சரிக்கை மடல் இப்போது டீம் முழுவதற்கும் வருகிறது. எஸ்எஸ்ஓ-வைத் தொடாத ஒரு அவசரக் கணக்கும் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கிறோம். ரூட் கணக்குக்கு 8 எம்எஃப்ஏ சாதனங்கள் வரை சேர்க்கலாம் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. யூஎஸ்பி-யில் செருகும் செக்யூரிட்டி கீ இரண்டு வாங்கினோம். ஒன்று ஆபீஸ் லாக்கரில். இன்னொன்றை சார் தன் அம்மாவிடமே கொடுத்து வைத்திருக்கிறார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “இதுல நம்பர் எதுவும் வராதுல்ல?”