ஆண்டு 5 கட்டுரை: சொந்தச் சொல்லை வரவழைப்பது எப்படி?

ஆண்டு 5 ஆசிரியை, சுங்கை சிப்புட்:

வணக்கம். மலேசியாவில் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் தமிழ்மொழி போதிக்கிறேன். வகுப்பில் பதினான்கு பேர். போன வாரம் 'எங்கள் ஊர்க் காலை' என்று தலைப்புக் கொடுத்தேன். ஒன்பது கட்டுரைகள் கதிரவன் பொற்கரங்களை நீட்டுவதில் தொடங்கின. எங்கள் பிள்ளைகளின் காலையில் கதிரவனே கிடையாது. பள்ளி வேன் ஆறே காலுக்கு வந்துவிடும். இங்கே விடிவதற்கு ஏழு மணி தாண்டும்.

ஒரு பையனின் தாளில் கதிரவனுக்கு அடியில் அழித்த தடம் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தேன்: "அப்பா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனார்." ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் இங்கே மரம் வெட்டுவது என்போம். அதை அழித்துவிட்டு மாதிரிக் கட்டுரை வரியை எழுதியிருக்கிறான். அன்று இரவு முழுவதும் அந்த வரி என்னை விடவில்லை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை 2021-இல் நீக்கிவிட்டார்கள். மனனம் செய்யும் பழக்கம் மட்டும் போகவில்லை. நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள்? பயிற்சித்தாள், மின்னட்டை (சொல் எழுதிக் காட்டும் சிறு அட்டை), மொழி விளையாட்டு எதுவானாலும் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் திரையோ கணினியோ இல்லை. மணிலா அட்டை என்னும் தடித்த தாள் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பீடோங்:

டீச்சர், அந்த அழித்த வரிதான் உங்கள் பாடம். அவனிடம் கேட்டுவிட்டு அதை வெண்பலகையில் எழுதுங்கள்.

நான் பணியில் இருந்தபோது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு நோட்டுக் கொடுத்து, தாத்தா பாட்டியிடம் சொல் கேட்டு வரச் சொல்வேன். மங்கு (பால் வடியும் கிண்ணம்), உளி (மரம் சீவும் கத்தி), ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்), பிரட்டு (காலையில் பெயர் கூப்பிடும் கூட்டம்), நிரை (மர வரிசை) என்று வரும். ஒரு மாணவி 'நிரை'யை அடித்துவிட்டு 'வரிசை' என்று எழுதியிருந்தாள். கேட்டதற்கு, "நிரை தோட்டத்துச் சொல் ஐயா" என்றாள். யாப்பில் நேரசை, நிரையசை என்று படிக்கிறோமே, அந்த நிரைதான் அது! செய்யுளில் வாழ்ந்த சொல்லை அவள் பாட்டி ரப்பர் மரங்களுக்கிடையே தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இதைச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை பாட்டியைப் பார்த்த பார்வையே மாறியது.

உங்கள் ஊரில் இன்னொன்றும் கேட்கலாம். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் அது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். எந்த வீட்டுப் பெரியவருக்காவது அது நினைவிருக்கும். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி வரச் சொல்லுங்கள்.

பயிற்சி ஆசிரியை, தெலுக் இந்தான்:

இரட்டைக்கிளவிக்கு நான் செய்தது: பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்க வேண்டும். தகரக் கூரையில் மழை சடசட, காய்ந்த ஓலை சரசர. பிறகு பிரித்துப் பார்க்கச் சொன்னேன். 'சட' தனியாக நின்றால் பொருள் இல்லை. 'ஓடு ஓடு' என்பதைப் பிரித்தால் பொருள் நிற்கும். அடுக்குத்தொடருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஆண்டு 3 ஆசிரியர், லூனாஸ்:

ஒரு வேண்டுகோள். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தை ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதீர்கள். வீட்டில் பாதி மலாயில் பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் எப்படி முடிகிறது என்பதை அந்தப் புத்தகம்தான் காட்டுகிறது. என் வகுப்பில் அதிலிருந்து வினைமுற்றுகளை மட்டும் எடுத்து மின்னட்டையில் எழுதித் தருகிறேன். வாக்கியத்தின் மற்ற பகுதி அவர்களுடையது. ல, ள, ழ பிழைகளை முதல் வரைவில் நான் தொடுவதே இல்லை. சிவப்பு மையைக் கண்டால் எழுதிய கை நின்றுவிடும்.

ஆண்டு 5 ஆசிரியை, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி அந்தப் பையனிடம் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். வரியைப் பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரே பேச்சு. "எங்கள் அப்பாவும் விளக்குக் கட்டுவார்", "எங்கள் அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறார், கோணியை முதுகில் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வருவார்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உதிரிப்பழம் பொறுக்கினால் நகக்கண்ணில் முள் ஏறுமாம்; ஒரு மாணவி தன் விரலை நீட்டிக் காட்டினாள். அதை அப்படியே எழுதச் சொன்னேன், எழுதினாள்.

லூனாஸ் ஆசிரியர் சொன்ன வினைமுற்று அட்டைகள் பின்தங்கிய மூன்று பேருக்கு நன்றாகவே உதவின. பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்த தோட்டத்துச் சொற்களை மணிலா அட்டையில் எழுதி வருகிறோம்; இதுவரை முப்பத்தொரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். உங்கள் தோட்டங்களில் வேறு பெயர் சொல்கிறார்கள் என்றால் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். 'மங்கு'வுக்கு மட்டும் வகுப்பில் இரண்டு பெயர்கள் வந்துவிட்டன, இரண்டு வீட்டாரும் விட்டுக்கொடுக்கவில்லை.