வலிப்பு உள்ள மகன் அலகுக் காவடி எடுக்கலாமா?

பொங்கோல் அம்மா (சிங்கப்பூர்) எழுதியது:

வணக்கம். என் மகனுக்கு 17 வயது, பாலிடெக்னிக் முதலாண்டு. போன வருஷம் ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டான். மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இஇஜி பரிசோதனை எடுத்தார்கள். "காலையில் எழுந்ததும் கை திடீரென்று துள்ளுமா?" என்று டாக்டர் கேட்டதும் ஆமாம் என்றான். மைலோ கப் கையிலிருந்து தெறித்து விழுந்ததற்கெல்லாம் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஜுவனைல் மயோகுளோனிக் எபிலெப்சி, அதாவது பதின்ம வயதில் தொடங்கும், கை துள்ளலோடு வரும் ஒரு வலிப்பு வகை என்றார். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை 500 மில்லிகிராம், காலையும் இரவும். மாத்திரை ஆரம்பித்த பிறகு பெரிய வலிப்பு வரவில்லை.

இப்போது வீட்டில் வேறு பிரச்சினை. பேரன் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பான் என்று என் மாமியார் நேர்ந்துகொண்டார். விரத நாள்களில் மாத்திரையும் வேண்டாம், முருகன் பார்த்துக்கொள்வான் என்கிறார். மகனுக்கும் ஆசைதான். தினமும் இதே பேச்சு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டு நர்ஸ்:

சிஸ்டர், மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால், ஒன்று தெளிவதற்குள் அடுத்தது என்று தொடர் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து. லெவெடிரசெட்டத்தை வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம், அதனால் விரதத்துக்கு இடைஞ்சல் இல்லை.

அலகு வேண்டவே வேண்டாம். நாக்கிலும் கன்னத்திலும் வேல் இருக்கும்போது வலிப்பு வந்தால் தாடை இறுகும், முகம் தரையில் மோதும். அதற்குமேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டேங்க் ரோடு பக்தன்:

அக்கா, எனக்கும் இதே வலிப்புதான். 15 வயதில் வந்தது, இப்போது 41. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த வகை வலிப்புக்குத் தூக்கக் குறைவுதான் முதல் எதிரி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவனைக்கூட ஒரு ராத்திரி கண்விழிப்பு மறுநாள் காலையில் சாய்த்துவிடும். எழுந்த கொஞ்ச நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். தைப்பூசம் நடக்கிற விதத்தைப் பாருங்கள். முதல் நாள் ராத்திரியே பெருமாள் கோயிலில் கூட்டம் கூடிவிடும். விடிய விடிய பூஜை, வரிசை, காவடி கட்டுவது. பிறகு சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. காவடிக்காரன் அன்று எங்கே தூங்குவான்? அலகைப் பற்றி நர்ஸ் சொல்லிவிட்டார். அலகே இல்லாத காவடி என்றாலும் அந்தத் தூங்காத ராத்திரிக்கு நான் பயப்படுவேன்.

நான் பகல் நேரத்துக்குத்தான் பால்குடம் பதிவு செய்வேன். முதல் நாள் ராத்திரி சொந்தக்காரர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தாலும் பத்து மணிக்கெல்லாம் என் அறைக் கதவைச் சாத்திவிடுவேன். காலையில் எழுந்ததும் மாத்திரை. அப்புறம் வேறு வேலை எதுவும் பார்க்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். விரல்களில் சின்னத் துள்ளல் தெரிந்தாலும் அன்று நான் குடத்தைத் தொட மாட்டேன், என் தம்பி எடுப்பான். நேர்ந்துகொள்ளும்போதே முருகனிடம் அப்படிச் சொல்லித்தான் நேர்ந்துகொண்டேன்.

எடுப்பது சின்ன எவர்சில்வர் குடம், வாயை மஞ்சள் துணியால் இறுகக் கட்டியிருக்கும். வலப்பக்கம் தம்பி, இடப்பக்கம் மனைவி. இருவரும் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகர மாட்டார்கள். செலிகி ரோடு வரும்போது வெயில் உச்சியில் இருக்கும். அங்கே ஓரமாக நின்று குடத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் மாமியாருக்கு நேர்த்தி தவறிவிடுமோ என்ற பயம் இருக்கும். அது நியாயமான பயம், கேலி செய்துவிடாதீர்கள். அவரையே குருக்களிடம் கூட்டிப்போங்கள். நான் கேட்டபோது, உடம்புக்கு முடிந்ததைச் செய்தால் முருகன் ஏற்றுக்கொள்வான் என்றார்.

இன்னொன்று. இந்த வலிப்பு மாத்திரையில் பெரும்பாலானோருக்கு நன்றாக அடங்கும், விட்டால் திரும்ப வரும். ஆகவே தைப்பூசம் முடிந்த பிறகும் தூக்கம் முக்கியம். பாலிடெக்னிக்கில் ப்ராஜெக்ட் என்று விடிய விடிய உட்காருவார்கள், அப்புறம் நண்பர்களோடு பீர். இரண்டுமே இவனுக்கு ஆகாது. தேசிய சேவைக்கான, அதாவது ராணுவம் போன்ற கட்டாயப் பணிக்கான, மருத்துவப் பரிசோதனைக்கு நரம்பியல் டாக்டரின் கடிதத்தை மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பென்கூலன் பாய்:

எங்கள் வீட்டில் நோன்பு மாதத்தில் இதே பேச்சு வரும். என் தங்கச்சிக்கும் வலிப்பு. இங்கே நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, மாத்திரையை சஹருக்கும் (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரம்) நோன்பு திறக்கும்போதும் என்று வைத்துக்கொண்டாள். சஹருக்கு எழுவதால் தூக்கம் உடைந்து கை துள்ள ஆரம்பித்தது. உடனே நோன்பை விட்டாள், அதற்கு ஈடாக ஏழைகளுக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுத்தோம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. உங்கள் பெரியவரிடமும் அந்த வழியில் பேசிப்பாருங்கள்.

செலவு பற்றி யாரும் சொல்லவில்லை. அரசாங்கத்தின் நாள்பட்ட நோய்த் திட்டத்தில் வலிப்பும் உண்டு, மாத்திரைக்கும் டாக்டருக்கும் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம்.

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மகனிடம் படித்துக் காட்டினேன், பால்குடத்துக்குச் சம்மதித்துவிட்டான். வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது? மாமியார் கைப்பையில் எப்போதும் இரும்புச் சாவி வைத்திருக்கிறார்.

வார்டு நர்ஸ்:

சாவி வேண்டாம் சிஸ்டர். பெரும்பாலும் வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும், சாவியால் நின்றது போலத் தெரியும். ஆரம்பித்ததும் மணியைப் பாருங்கள். தலைக்கடியில் துண்டு வையுங்கள், கழுத்தில் இறுக்கம் இருந்தால் தளர்த்துங்கள், முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, விரல், தண்ணீர், எதுவும் வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ, அடிபட்டாலோ உடனே 995-ல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். முழுசாகத் தெளியும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மாமியாரிடம் மணி பார்க்கிற வேலையைக் கொடுங்கள்.

டேங்க் ரோடு பக்தன்:

அக்கா, டாக்டரைப் பார்க்கும்போது பால்குட விஷயத்தையும் சொல்லி, அவர் சரி என்ற பிறகே பதிவு செய்யுங்கள். பதிவு ஆரம்பித்ததும் இங்கே எழுதுகிறேன். பகல் நேரமாகவே எடுங்கள். ஒரே நேரம் கிடைத்தால் தம்பியும் நானும் உங்களோடு நடக்கிறோம்.