புதுப்பிப்பு: தேசிய ஸ்பெல்லிங் போட்டிக்குத் தயாரான விதம்

கோபிசெட்டிபாளையத்தில் ஏழாவது படிக்கும் மகளை ஆங்கில ஸ்பெல்லிங் போட்டிக்கு எப்படித் தயார்படுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

மாநிலச் சுற்றில் தேறிவிட்டாள். தேசியச் சுற்று இனிமேல்தான். கைகொடுத்தது ஈரோட்டு ஆசிரியர் ஒருவர் இங்கே சொன்ன யோசனை: அகராதியை ஏ முதல் இசட் வரை உருப்போடாமல், சொற்களை அவை வந்த மொழிவாரியாகப் பிரித்துப் படிப்பது. கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்றால் 'ஃப' ஒலிக்குப் பெரும்பாலும் பி-எச், 'க' ஒலிக்குப் பல சொற்களில் சி-எச். கோரஸ் அப்படித்தான். அதே சி-எச் பிரெஞ்சு வழி வந்த செஃப், மெஷின் போன்றவற்றில் வேறு ஒலி தரும். இது பிடிபட்டதும் கேள்விப்படாத சொல்லையும் ஊகித்து எழுதுகிறாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். அமெரிக்காவில் 1925-இல் தொடங்கிய ஸ்கிரிப்ஸ் போட்டியைப் போலவே இங்கும் மூலமொழியையும் பொருளையும் கேட்க விட்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: மைக்கில் பி-யும் டி-யும் ஒரே மாதிரி கேட்டன. சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்லி, தானும் உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகே எழுத்துகளைச் சொன்னாள். அப்புறம் குழப்பம் வரவில்லை. போகிறவர்கள் வீட்டிலேயே ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.