பதில்: 'கலர் காஸ்ட்' தமிழில் – நிறப்பாரிப்பு

அன்பர்களுக்கு வணக்கம்.

திரைப் பழுது வழிகாட்டியின் தமிழாக்கத்தில் மற்ற சொற்கள் ஓரளவு முடிவாகிவிட்டன. 'கலர் காஸ்ட்', அதாவது திரை முழுக்க ஏதோ ஒரு நிறம் படர்ந்து தெரிவது, அதற்கான சொல் ஒன்றுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு முடிக்க வேண்டாம் என்பதே என் கருத்தும். வழிகாட்டியின் முதல் கேள்வியே இந்தச் சொல்லை வைத்துத்தான் வருகிறது. திரை முழுக்க ஒரு நிறம் தூக்கலாக இருக்கிறதா, இல்லை நிறங்கள் வேறு விதமாகக் கெட்டிருக்கின்றனவா என்று தெரிந்தால்தான் கேபிளைத் தொடுவதா, அமைப்புகளைத் திறப்பதா என்று முடிவெடுக்க முடியும். தருமபுரியில் கணினிப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் நான் முன்வைக்கும் சொல் நிறப்பாரிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முன் மடல்களில் வந்த சொற்களை முதலில் பார்ப்போம். 'நிறக்கோளாறு' மிகவும் அகலமான சொல். போனில் ஒருவர் "கலர் பிரச்சினைங்க" என்று சொன்னால் எனக்கு எந்தத் தடயமும் கிடைப்பதில்லை. இந்தச் சொல்லிலும் அதே சிக்கல். 'நிறக்குருடு' என்ற கண் குறைபாட்டோடு குழம்பவும் வாய்ப்பு உண்டு. 'நிறச்சாய்வு' அழகான சொல்தான். ஆனால் வரைகலைக்காரர்கள் அதை ஒரு நிறம் படிப்படியாக இன்னொன்றாக மாறும் கிரேடியன்ட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள், அது அங்கேயே இருக்கட்டும். 'பசப்பு' என்று எழுதிய அன்பரின் தமிழறிவுக்கு வணக்கம். பிரிவுத் துயரால் மேனி நிறம் மாறுவதுதான் பசப்பு, குறளில் 119ஆம் அதிகாரமே 'பசப்புறு பருவரல்' தான். இருந்தாலும் இன்று பசப்புதல் என்றால் ஏமாற்றிப் பேசுவது என்றுதான் ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

நிறைய ஆதரவு பெற்றிருப்பது 'நிறமேற்றம்'. அதில் எனக்கு உண்மையான மறுப்பு உண்டு. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் காவி ஏறியிருக்கும். ஏறினால் ஏறியதுதான், தேய்த்துப் போக்க முடியாது. திரையில் நடப்பது இது இல்லை. கேபிளைச் சரியாகச் செருகிய நொடியில் அது மறைந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது: பல நேரங்களில் எந்த நிறமும் ஏறுவதே இல்லை, ஒரு நிறம் வராமல் போவதால்தான் திரை மாறுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டின்னுக்கு லேபிள் வடிவமைக்கும் தம்பி ஒருவர் கணினியையும் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். போட்டுப் பார்த்தால் வெள்ளைப் பின்னணி முழுக்க மஞ்சள். நீல எழுத்து கறுப்பாகிவிட்டது. மாம்பழமும் இலையும் மட்டும் அப்படியே இருந்தன. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை, நீலம் வராவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளிலும் பச்சையிலும் நீலத்தின் பங்கு மிகக் குறைவு, நீலம் நின்றுபோனாலும் அவற்றுக்கு அதிகம் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு உடனே பிடிபடவில்லை. மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவழைத்தேன். அந்த மெனுவில் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே இருந்தது. அப்படியானால் மானிட்டரில் குறை இல்லை, அதற்கு வந்து சேரும் சிக்னலில்தான் குறை. கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் விஜிஏ கேபிளைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்தது. மேல் வரிசையில் 1, 2, 3 எண் ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். மூன்றாவது ஊசி வளைந்து பக்கச்சுவரில் படுத்திருந்தது. தீர்ந்துபோன ரீஃபிள் குழாயை அதன்மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன், திரை சரியாகிவிட்டது. (பல கேபிள்களில் ஒன்பதாவது ஊசி தயாரிப்பிலேயே இருக்காது. அதைப் பார்த்து ஊசி உடைந்துவிட்டது என்று யாரும் புதுக் கேபிள் வாங்க வேண்டாம். வழிகாட்டியில் இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.)

இதே போல் சிவப்பு நின்றுபோனால் வெள்ளை பச்சைநீலமாகும். பச்சை நின்றுபோனால் வாடாமல்லி நிறம் வரும். 'ஏற்றம்' என்று பெயர் வைத்தால் கூடிய நிறத்தைக் குறைக்கத்தான் பயனர் அமைப்புகளுக்குள் போவார். இங்கே தேட வேண்டியது வராத நிறத்தை.

அப்புறம் பேச்சு வழக்கு. கடைக்கு வருகிறவர்கள் "ஸ்க்ரீன் மஞ்சளா அடிக்குதுண்ணா" என்பார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் "மெஜந்தா தூக்குது" என்பார்கள். இரண்டும் உயிருள்ள பேச்சு, ஆனால் 'நிற அடிப்பு', 'நிறத்தூக்கல்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் நிற்கவில்லை. பாரித்தல் நிற்கிறது. பாம்பு கடித்தவரின் உடம்பு நீலம் பாரித்துவிட்டது என்று இன்றும் சொல்கிறோம், நாளிதழில்கூட எழுதுகிறார்கள். ஒரு நிறம் உடம்பு முழுக்கப் பரவித் தெரிவதை அது சொல்கிறது. அந்த நிறம் உள்ளே வந்ததா, வேறொன்று குறைந்ததால் தெரிகிறதா என்ற காரணத்துக்குள் போவதில்லை. நமக்கு வேண்டியது அதுதான். பயனர் கண்ணால் கண்டதைச் சொல்லட்டும், காரணத்தை வழிகாட்டி கண்டுபிடிக்கட்டும்.

'பாரித்தல் பழைய சொல், புரியாது' என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். தனியாகப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். 'திரை நீலம் பாரித்திருக்கிறது' என்று தொடரில் வரும்போது பள்ளி மாணவருக்கும் புரியும். சொற்கள் புணரும் விதம் பற்றி: பெயராக வரும்போது நிறப்பாரிப்பு, வினையாக வரும்போது நிறம் பாரித்தல்.

எல்லையையும் குறித்துவிடலாம். மாலையில் திரையின் நீலத்தைக் குறைக்கும் இரவு ஒளி (நைட் லைட்) வசதி இயங்கும்போது திரை இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்து தெரியும். அதுவும் நிறப்பாரிப்பே, ஆனால் பழுது அல்ல. விண்டோஸ் 10இல் இந்த வசதி 2017இல் வந்தது. மாலை ஆனதும் திரை கெட்டுவிடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். புகைப்படம் பார்க்கும் செயலியில் மட்டும் வெள்ளை மஞ்சளாகி, மற்ற இடங்களில் சரியாக இருந்தால் நிறங்களை எப்படிக் காட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் நிற விவரக்கோப்பை (கலர் புரொஃபைல்) சோதிக்க வேண்டும். அங்கே 'படத்தில் மட்டும் நிறப்பாரிப்பு' என்று பிரித்து எழுதலாம். ஹெச்டிஎம்ஐ கேபிள் இணைப்பில் கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவுகளைக் கணினி 16 முதல் 235 வரை மட்டும் அனுப்ப, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அது 'வெளிறல்'. வானத்தின் நீலம் சீராக மாறாமல் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் 'நிறப்பட்டை', அதற்கு நிற ஆழத்தை, அதாவது எத்தனை நிறங்களைக் காட்ட முடியும் என்ற அமைப்பைப் பார்க்க வேண்டும். 16 பிட்டில் 65,536 நிறங்கள்தான், 24 பிட்டில் 1,67,77,216. வெளிறல், நிறப்பட்டை இரண்டையும் நிறப்பாரிப்பில் சேர்க்கக் கூடாது.

வழிகாட்டியின் முதல் மூன்று தொடர்களை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"திரை முழுவதும் ஒரு நிறம் பாரித்திருக்கிறதா?"

"மானிட்டரின் மெனுவிலும் நிறப்பாரிப்பு தெரிகிறதா?"

"மெனு சரியாக இருந்தால், பாரித்த நிறத்தைக் குறித்துக்கொண்டு கேபிளின் ஊசிகளைப் பாருங்கள்."

மறுப்பு உள்ளவர்கள் தங்கள் சொல்லை இந்த மூன்று தொடர்களிலும் பொருத்தி எழுதி அனுப்புங்கள். எது இயல்பாக ஓடுகிறதோ அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து