மஞ்சள் உடுப்புக்காரர்களும் நாமும்: ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள், தன்னார்வத் தீயணைப்புக்காரர்களோடு உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மலையடிவாசி:

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. போன வாரம் மருந்துக் கடையில் வரிசையில் நின்றபோது மறுபடி நினைவுக்கு வந்தது.

நாங்கள் இருப்பது சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலையின் கீழ்ப்பகுதியில். 2017-ல் வீடு வாங்கினோம். பின்வாசலைத் திறந்தால் யூகலிப்டஸ் காடு. அந்தக் காட்டைப் பார்த்துத்தான் வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபரில் பக்கத்து வின்மலியில் ஏறக்குறைய 200 வீடுகள் எரிந்துபோன கதையை வீட்டுத் தரகர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2019 அக்டோபர் கடைசியில் வடக்கே காஸ்பர்ஸ் மவுண்டனில் மின்னலில் பிடித்த தீ, அணைவதற்குள் ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. டிசம்பரில் எங்கள் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் வாசனை. அம்மா அப்போது மதுரையிலிருந்து வந்திருந்தார். "இதென்னடா, மார்கழி பொறக்கும்போதே போகி கொளுத்துறாங்க" என்று முதல் நாள் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் மஞ்சள் உடுப்பும் கனத்த பூட்ஸுமாக ஒரு பெண். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் எட்டிப் பார்த்த அம்மாதான், "ஏண்டா, இது நம்ம பிரஷர் மாத்திரை குடுக்குற பொண்ணுல்ல?" என்றார். அவரேதான். திங்கள் முதல் வெள்ளி வரை மருந்துக் கடை. மற்ற நேரத்தில் ரூரல் ஃபயர் சர்வீஸ் என்ற கிராமப்புறத் தீயணைப்புப் படை, அதாவது ஆர்.எஃப்.எஸ். வண்டியும் உடுப்பும் மாநில அரசு ஏற்பாடு. அதில் ஏறிப் போகிறவர்கள், நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுக்க சுமார் 70,000 பேர், ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். அதுவரை எனக்கு இது தெரியாது.

வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஏணி கேட்டு வாங்கி, கூரையோரம் மழைநீர் ஓடும் தகரவாயில் கையை விட்டு ஒரு பிடி காய்ந்த சருகை அள்ளி என் கையில் வைத்தார். "உங்கள் வீட்டைக் கொளுத்தப்போவது இதுதான், அந்தக் காடு இல்லை" என்றார். தீ வருவதற்கு முன்னாலேயே கங்குகள் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறந்து வருமாம். சருகு, தேங்காய்நார் மிதியடி, சுவரோரம் அடுக்கிய விறகு என்று எது கிடைத்தாலும் அதில் உட்காருமாம். கேஸ் சிலிண்டரின் வால்வு வீட்டைப் பார்த்தபடி இருந்தது. அதை வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "அம்மாவை எங்கே அழைத்துப் போவீர்கள்? எப்போது கிளம்புவீர்கள்?" தீயணைப்பு வண்டி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இழுத்தேன். "வீட்டுக்கு ஒரு வண்டி எங்களிடம் கிடையாது" என்றார். கோபமில்லை, மாத்திரை எத்தனை வேளை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

அம்மா என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டது ஒன்றே ஒன்று: சம்பளம் எவ்வளவு? இல்லை என்றதும், "அப்ப கடையில லீவு?" வாரநாளில் தீக்குப் போனால் சொந்த விடுமுறையில்தான் போவாராம். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். அந்தப் பெண் நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, இதில் என்ன வாசனை என்று கேட்டார். பெருங்காயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று எனக்கு அந்த நேரம் வரவில்லை. டப்பாவையே காட்டினேன்.

டிசம்பர் 21-ம் தேதி தீ அபாய அறிவிப்பு உச்சபட்ச நிலைக்குப் போனது. முந்தின இரவே சிட்னி நகர்ப்பக்கம் டூங்காபியில் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். உண்மையைச் சொன்னால் தீ எங்கள் மேட்டுக்கு வரவே இல்லை. 2020 ஜனவரி 4 அன்று பக்கத்து பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தபோது மறுபடி மூட்டை கட்டினோம், அன்றைக்கும் வரவில்லை. பிப்ரவரியில் மழை வந்தது. நாங்கள் இரண்டு தடவை ஓடியதோடு சரி. மருந்துக் கடைப் பெண் அந்தக் கோடையில் எத்தனை ராத்திரி வெளியே இருந்தாரோ.

உங்கள் பக்கம் எப்படி?

யாழ்த்தென்றல்:

அண்ணை, உங்கட பதிவு வாசிச்சபிறகு எழுதாமல் இருக்கேலாமல் கிடக்கு. நாங்கள் மெல்பனுக்குக் கிழக்கே, டண்டினோங் மலைப்பக்கம். 2010-ல் வந்தனாங்கள். அதுக்கு முந்தின வருசம் பிப்ரவரி 7-ல்தான் விக்டோரியாவில் 173 பேர் தீயில் செத்தது. அதால சனம் தீயைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்த காலம்.

வந்த முதல் கிழமை, பின்னேரம், இவர் வேலையால் வரவில்லை. திடீரென்று சைரன். நான் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன். வன்னியில் பங்கருக்குள் கிடந்து வந்த உடம்பு. காது கேட்க முதல் கால் ஓடும். கொஞ்ச நேரத்தால் பக்கத்து வீட்டு மனுசி யன்னலால் பார்த்துவிட்டு ஓடிவந்தா. அது தொண்டர் தீயணைப்புக்காரரைக் கூப்பிடுகிற சைரனாம்.

அடுத்த நாள் அவவே என்னை அந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே இருந்த வயசான ஒருவரிடம் ஏன் பயந்தேன் என்று அவ சொன்னா. அந்த மனுசன் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. சைரனைச் சோதிக்கிற நாளும் நேரமும் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அந்தத் துண்டு கனகாலம் எங்கட பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. சின்னவன் அந்த நேரம் வந்தால் வாசலில் போய் நின்று சைரனுக்குக் கை தட்டுவான்.

பிறகு 2022-ல் நானே அவசர நம்பர் மூன்று பூச்சியத்துக்கு அடிக்கவேண்டி வந்தது. வடைக்கு வைத்த எண்ணெய் பற்றிவிட்டது. இவர் தண்ணிக் கோப்பையோடு ஓடிவாறார்! நல்ல காலம், எங்கட முதியோர் சங்கத்துக்கு சி.எஃப்.ஏ. என்கிற விக்டோரியாத் தொண்டர் தீயணைப்பு ஆட்கள் வந்து ஒருக்கால் சொல்லித் தந்தவை: எண்ணெய்த் தீக்குத் தண்ணி ஊற்றினால் கூரை வரைக்கும் எழும்பும், அடுப்பை நிப்பாட்டி மூடியால் மூடு, மூடியைத் திறந்து பார்க்காதே. மூடினேன். அவையள் வந்து சேர எட்டு நிமிசம். வந்த நாலு பேரில் ஒருவர் என்ர கார் திருத்துகிற மெக்கானிக். வெக்கை காட்டுகிற கமரா ஒன்றை மேலே புகை இழுக்கிற பெட்டிக்குப் பிடித்தார். வெளியில் ஒன்றும் தெரியவில்லை, கமராவில் உள்ளே ஒரு மூலை வெள்ளையாய் எரியுது. பில்டரில் இருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றி வெளியே கொண்டுபோய் நனைத்தார்கள். போகும்போது, "காரை மட்டும்தான் சர்வீஸ் செய்வீர்களா?" என்றார். வெட்கமாய்ப் போட்டுது.

கும்பகோணத்தான்:

எங்கள் கதை சிரிப்பு, ஆனால் தப்பு எங்கள் மேல்தான்.

சிட்னி வடமேற்கு ஓரத்தில் புதுக் குடியிருப்பு. புதுமனைப் புகுவிழா. வீட்டுக்குள் புகை வேண்டாம் என்று மனைவி சொன்னதால் கணபதி ஹோமத்தைக் கொல்லைப்புறத்தில் செங்கல் அடுக்கி வைத்துக்கொண்டோம். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தோமே தவிர அன்றைக்கு வெளியில் நெருப்பு மூட்டவே முழுத் தடை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தத் தடை நாளில் வெளியில் விறகு மூட்டினால் அபராதத்தோடு நிற்காது, சிறை வரைக்கும் போகலாம்.

யாரோ புகையைப் பார்த்துப் போன் செய்துவிட்டார்கள். இரண்டு வண்டி. ஆறு பேர். எல்லோரும் வாசல் கோலத்தை மிதிக்காமல் புல்மேல் ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தார்கள், அதை இன்னும் மறக்க முடியவில்லை. கேப்டனாக வந்தவர் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் குழாய் வேலை செய்த பிளம்பர். என்ன நடக்கிறது என்று முழுக்கக் கேட்டுக்கொண்டார். பூர்ணாஹுதி பாக்கி என்று சாஸ்திரிகள் சொன்னார். "புரிகிறது. ஆனால் இப்போதே அணைக்க வேண்டும்" என்றார் கேப்டன். பேரம் இல்லை.

சாஸ்திரிகள் விவரமானவர். கலசத் தீர்த்தத்தை எடுத்து மந்திரம் சொல்லி அவரே ஊற்றினார். அது வரை காத்திருந்துவிட்டு, ஒரு பையன் முதுகில் மாட்டிய தண்ணீர்ப் பையின் பம்பால் செங்கல் கலையாமல் மெதுவாக நனைத்தான். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோனான். ஏன் புறங்கை என்று எனக்கு இன்று வரை தெரியாது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்களா என்றால், டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பட்டணத்துப்பூனை:

எல்லாம் சரி. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. வரி கட்டுகிறோம். இவ்வளவு பணக்கார நாடு, உயிரைப் பணயம் வைக்கிறவர்களை ஏன் சும்மா வேலை வாங்குகிறது? 2019-20 கோடையில் செத்த 33 பேரில் ஒன்பது பேர் தீயணைப்பு வீரர்கள். நெகிழ்ந்துபோவதற்கு முன் இதையும் பேசலாமே.

வயல்வரப்பு:

பூனை கேட்டது நியாயம். நான் 2021 முதல் ஆர்.எஃப்.எஸ்.ஸில் இருக்கிறேன். நியூ சவுத் வேல்ஸின் தெற்கே, கோதுமை விளையும் பக்கம். வீட்டிலிருந்து கணினி வேலை, அதனால் பகலில் ஊரில் இருக்கும் சில பேரில் நானும் ஒருவன். சேரக் காரணம் அவ்வளவுதான், பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

சம்பள விஷயம்: மாநிலத்தின் 95 சதவீத நிலப்பரப்பு ஆர்.எஃப்.எஸ். பொறுப்பு. எங்கள் வட்டாரத்தில் வருஷத்தில் பாதி நாள் தீ என்று ஒரு கூப்பாடும் இருக்காது. அறுவடை மாதத்தில் ஒரே நாளில் மூன்று வரும். இதற்கு ஊருக்கு ஊர் முழுநேர ஆள் வைப்பது நடக்காத காரியம். அதே சமயம் வாரக்கணக்கில் வேலையை விட்டு நின்றவனுக்கு வீட்டுக் கடன் நிற்காது. 2019 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு நாளுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலருக்கு மிகாமல் என்று நியூ சவுத் வேல்ஸ் ஆட்களுக்கு அறிவித்தது. எங்கள் பழைய ஆட்களில் பாதிப் பேர் அதற்கு எழுதிக்கூடப் போடவில்லை என்று கேள்வி. ரோஷம். எனக்கு அந்த ரோஷம் கிடையாது, கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

பணம் என்றதும் இன்னொன்று. அப்போது செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவை நடிகை முகநூலில் திரட்டிய ஐந்து கோடி டாலருக்கு மேலான தொகை ஆர்.எஃப்.எஸ். அறக்கட்டளைக்கு வந்தது. கொடுத்தவர்கள் பலர் வீடிழந்தவர்களுக்கும் விலங்குகளுக்கும் சேரட்டும் என்று நினைத்தார்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் அப்படி இல்லை, வெளியே பிரித்துக் கொடுக்க முடியாது என்று 2020-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு போடுகிறவர்கள் எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள்.

கும்பகோணத்தாருக்கு: உள்ளங்கை காய்த்துப்போனது, சூடு சட்டென்று உறைக்காது, புறங்கைத் தோல் மெல்லியது. தொடாமலே அனல் தெரியும். சுட்டாலும் பிடிமானம் போகாது. பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுத்ததில் இது ஒன்று. தீயை அடிப்பது ஒரு மணி நேர வேலை என்றால், அதன் பிறகு கட்டை கட்டையாகப் புரட்டி, வேருக்குள் கங்கு இருக்கிறதா என்று இப்படித் தடவித் தடவி நனைப்பது ஒரு நாள் வேலை. டிவியில் காட்டமாட்டார்கள். மண்ணும் சாம்பலும் முதுகு வலியும்தான்.

பயிற்சியில் என்னை உலுக்கியது வேறு. தீ வண்டியையே சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்ற ஒத்திகை. ஏற்கெனவே எரிந்த தரையாகப் பார்த்து நிறுத்தி, கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டு, வண்டிமேல் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்து, எல்லோரும் குனிந்து கம்பளிப் போர்வைக்குள் போக வேண்டும். உள்ளே இருட்டு, பக்கத்தில் இருப்பவரின் மூச்சு, தகரக் கூரையில் தண்ணீர் விழுகிற சத்தம். எனக்குச் சின்ன வயதில் மழைநாளில் பாட்டி வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த எழுபது வயது விவசாயி, "நிஜத்தில் இவ்வளவு அமைதியாக இருக்காது" என்றார். அவர் ஒரு தடவை நிஜத்தில் இருந்திருக்கிறார்.

என் முதல் கூப்பாடு, கோதுமை அறுக்கும் இயந்திரத்தில் பிடித்த தீ. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்தாறு பேர் தங்கள் வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துக்கொண்டு பாதியை அணைத்திருந்தார்கள். தாளடியில் தீ ஓடுகிற வேகத்துக்கு வேறு வழியில்லை. மனைவி இன்னும் சமாதானமாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அலறினால் எழுவது நான் மட்டும் இல்லையே.

குட்டிம்மா_அப்பா:

சின்ன அனுபவம்தான். டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா தீயணைப்பு வண்டிமேல் உட்கார்ந்து தெருத்தெருவாக மிட்டாய் கொடுத்துக்கொண்டு வருவார். போன வருஷம் எங்கள் தெருமுனைக்கு வந்ததும் வண்டி நின்றது, தாத்தா தாடியைக் கழற்றி சீட்டில் வைத்தார், விளக்கைப் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார்கள். என் பெண் ஒரே அழுகை. ஒன்றரை மணி நேரம் கழித்து, இருட்டிய பிறகு, விட்ட இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தார்கள். தாத்தாவின் மூக்கில் கரி.

யாழ்த்தென்றல்:

மலையடிவாசி அண்ணை, வயசான ஆட்களுக்குத் தகரவாய் துப்பரவு செய்ய அவையளே வருவினமாமே? என்ர அத்தை தனிய இருக்கிறா, சிட்னிப் பக்கம்.

மலையடிவாசி:

ஆமாம், நியூ சவுத் வேல்ஸில் அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. முதியவர்கள், உடல் முடியாதவர்கள் வீட்டில் சருகு அள்ளுவது, கிளை வெட்டுவது எல்லாம் இலவசம். காட்டுத்தீ அபாயம் உள்ள இடமாக இருக்க வேண்டும். அத்தையை அவர் பக்கத்து ஆர்.எஃப்.எஸ். பிரிகேடில், அதாவது உள்ளூர்க் குழுவில் கேட்கச் சொல்லுங்கள். நீச்சல் குளமோ பெரிய தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதையும் சொல்லட்டும், எஸ்.டபிள்யூ.எஸ். என்று எழுதிய சின்னப் பலகையை வேலியில் மாட்டினால், இங்கே தண்ணீர் எடுக்கலாம் என்று வண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஸ்டேஷனில் செப்டம்பரில் ஊர்க்காரர்களுக்காகக் கதவைத் திறந்து வைப்பார்கள். இந்த வருஷம் நாங்களும் ஏதாவது கொண்டுவருகிறோம் என்றேன். மருந்துக் கடைப் பெண் யோசிக்கவே இல்லை, மோர் என்றார். எத்தனை பேர் வருவார்கள் என்றதற்கு நாற்பது, ஐம்பது என்கிறார். அம்மாவுக்குப் போன் போட்டு அளவு கேட்டிருக்கிறேன். பெருங்காயத்தைப் பார்த்துப் போடச் சொல்கிறார்.